முதியோர் இல்லங்களுக்கு மாணவர்களை அழைத்து வரும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் மாணவர் சேவைப் பணிகளுக்குப் பொறுப்பேற்று, ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி எங்களைப் போன்ற முதியோர் இல்லங்களுக்கு அழைத்து வருகிறீர்கள். வந்து இறங்குவோரை வாசலில் நின்று வரவேற்பதும், அவர்கள் போன பிறகு நாற்காலிகளை எடுத்து அடுக்குவதும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் வேலை. உங்கள் மாணவர்கள் மீது எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. உங்கள் நல்லெண்ணத்தைப் பற்றியும் எனக்கு ஐயமில்லை. ஆனால், இந்த வருகைகள் இப்போது நடக்கிற விதத்திலேயே தொடர்ந்து நடந்தால், வயதானவர்களோடு பேசுவது என்பது ஒரே பிற்பகலில் முடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளக்கூடிய காரியம் என்றே இளைஞர்கள் மனத்தில் பதியும் என்று அஞ்சுகிறேன். நேரில் உங்களில் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன், அவசரத்தில் எடுபடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடைசியாக வந்த குழுவில் 40 பேர் இருந்தார்கள். கூடத்தில் ஒலிபெருக்கி கட்டிப் பாடினார்கள், ஆடினார்கள், ஒரு சிறு நாடகமும் போட்டார்கள். அதன் பிறகு நிகழ்ச்சி நிரலில் 'பெரியவர்களுடன் உரையாடல்' என்று குறித்திருந்த அரை மணி நேரம் வந்தது. எங்கள் இல்லத்தில் 83 வயதான ஓர் அம்மா இருக்கிறார். டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோரிடம் அன்றாடம் பேசியே ஓய்வு பெற்றவர். அவருக்கு இடது காது கேட்காது. ஒரு மாணவி அவருடைய இடப்பக்கமாக வந்து குனிந்து, தோளில் கை வைத்து, குழந்தையிடம் பேசுகிற இழுப்போடு கேட்டாள்: "நல்லா இருக்கீங்களா பாட்டி?" பிறகு, "இங்க எல்லாம் வசதியா இருக்கா?" பிறகு, "பாட்டு பிடிச்சுதா?" ஒலிபெருக்கியை யாரும் நிறுத்தவில்லை. அந்த அம்மா மூன்று முறை தலையை ஆட்டினார். மாணவி அவரோடு சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

மாலையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணு கேட்ட மூணு கேள்விக்கும் 'ம்'னே பதில் சொல்ல முடிஞ்சுது. நாலாவதா ஒண்ணு கேட்டிருந்தா வாயைத் திறந்திருப்பேன்."

அவர் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அந்த வாக்கியத்தை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அந்த மாணவியிடம் அன்பு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணில் நீர் கோத்திருந்ததை நானே பார்த்தேன். அவளிடம் இல்லாமல் போனது, அந்த அம்மாவிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய ஏதோ ஒன்று. கேட்டுத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லாதவரிடம் நலம் விசாரிக்கலாம், ஆறுதல் சொல்லலாம், பேச்சு வளராது. இந்த மடலில் நான் சொல்ல வந்தது பெரும்பாலும் இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதற்கான விளக்கங்கள்.

இளைய தலைமுறைக்குப் பெரியவர்களிடம் மரியாதை குறைந்துவிட்டது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறேன். நான் பார்த்தவரை அது உண்மையில்லை. மரியாதை தேவைக்கு மேலேயே இருக்கிறது. சொல்லப்போனால் பேச்சுக்கு முதல் தடை அதுதான். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே, எதிர்த்துப் பேசாதே, உட்காரச் சொன்னால் மட்டும் உட்கார் என்று சிறு வயதிலிருந்து சொல்லி வளர்த்துவிட்டு, 20 வயதில் திடீரென்று 'போய் உரையாடு' என்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படி வரும்? எவரிடம் 'நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை' என்று சொல்ல முடியாதோ அவரிடம் பேச்சுக் கொடுக்க எவருக்கும் தயக்கம் வரும். தலையாட்டலாம், அவ்வளவுதான். இருபுறமும் தலையாட்டிக்கொண்டிருப்பதைத்தான் நாம் அரை மணி நேரம் உரையாடல் என்று நிரலில் போடுகிறோம்.

வந்து போகும் மாணவர்களிடம் தனியாகக் கேட்டால் அவர்கள் சொல்லும் காரணங்கள் வேறு வகை. என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பது முதலாவது. தெரியாமல் எதையாவது கேட்டுப் புண்படுத்திவிடுவோமோ, 'பிள்ளைகள் வருவார்களா' என்று கேட்டால் பிள்ளை இறந்துபோயிருந்தால் என்ன செய்வது என்ற அச்சம் அடுத்தது. இது நல்ல மனம் உடையவர்களுக்குத்தான் வரும். பேச ஆரம்பித்தால் எழுந்து வர வழி தெரியாது என்று ஒரு மாணவர் மிகவும் நேர்மையாகச் சொன்னார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பது எல்லோரும் சொல்வது. படிப்பு முடிந்ததா, வேலை கிடைத்ததா, கல்யாணம் எப்போது என்று குறுக்கு விசாரணை நடக்கிறது என்பதும் உண்டு, அதில் பிழை எங்கள் பக்கத்தில்தான். அதைப் பின்னால் சொல்கிறேன். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. நடுங்கும் கையைப் பார்க்கும்போது வீட்டில் இருக்கும் தாயும் தந்தையும் நினைவுக்கு வருகிறார்கள், அதற்குப் பிறகு தானும். அந்த இடத்திலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்வதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை.

வயதை வைத்து ஒருவரை மட்டம் தட்டும் மனப்பான்மைக்கு ஆங்கிலத்தில் 'ஏஜிசம்' (ageism) என்று பெயர் வைத்தவர் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், ஆண்டு 1969. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் இருவரில் ஒருவரிடம் முதியவர்களைப் பற்றிய இத்தகைய மனப்பான்மை இருக்கிறது என்று சொல்லி, அதைக் குறைக்க மூன்று வழிகளை முன்வைத்தது: சட்டமும் கொள்கையும், கல்வி, தலைமுறைகளுக்கிடையேயான தொடர்பு. பின்னிரண்டும் உங்கள் கையில் இருப்பவை. ஆகவே நீங்கள் செய்வது சிறிய வேலை இல்லை. ஆனால் தொடர்பு என்றால் எந்தத் தொடர்பும் போதும் என்பதில்லை. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே, வேறுபட்ட இரு குழுவினர் சந்திப்பதால் மட்டும் முன்முடிவுகள் கரைந்துவிடுவதில்லை என்றும், சந்திப்பில் இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், இருவருக்கும் பொதுவான ஒரு நோக்கம் இருக்க வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், நிறுவனத்தின் ஆதரவும் வேண்டும் என்றும் எழுதினார். உங்கள் ஆதரவு இருக்கிறது, எங்கள் ஆதரவும் இருக்கிறது. மற்ற மூன்றும் எங்கே? ஒருவர் கொடுக்க வருகிறார், மற்றவர் வாங்கிக்கொள்ள உட்கார்ந்திருக்கிறார். இதில் சமம் ஏது?

இன்னொரு தவறான கணக்கும் இருக்கிறது. தனிமையில் வாடுபவர் முதியவர், அதைப் போக்க வருபவர் இளைஞர் என்று நாம் எழுதாமலேயே ஒப்புக்கொண்டிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று 2025இல் வெளியிட்ட அறிக்கையில், உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், அது இளையோரிடம்தான் மிகுந்திருப்பதாகவும் சொல்லப்பட்டிருக்கிறது. பேருந்திலிருந்து இறங்குகிற நாற்பது பேரில் சிலர், உள்ளே உட்கார்ந்திருக்கும் எவரையும்விடப் பேச்சுத் துணைக்கு ஏங்குபவர்களாக இருக்கக்கூடும். அவர்களைக் கொடையாளர் வேடம் போட்டு மேடையேற்றினால் அவர்களுக்கு வேண்டியதை எப்படிக் கேட்பார்கள்?

இனி, கற்றுக்கொடுத்தால் வந்துவிடக்கூடிய சில விஷயங்கள். இவற்றைத்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் மாணவர்கள் 'பாசம் வேண்டும்' என்ற அறிவுரையோடு வருகிறார்கள், 'காது எப்படி வேலை செய்கிறது' என்பது தெரியாமல் வருகிறார்கள்.

60 வயதைக் கடந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேள்திறன் குறைவு இருக்கிறது. முதுமையில் காது மொத்தமாக ஒலியளவைக் குறைத்துக்கொள்வதில்லை. உயர்ந்த அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் நழுவுகின்றன. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில், வலுவாக வருகின்றன. வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிற கூறுகள் பெரும்பாலும் உயரத்தில், மெலிவாக வருகின்றன. கட்டு, தட்டு, பட்டு என்ற மூன்று சொற்களையும் சொல்லிப் பாருங்கள். நம் காதுக்கு மூன்றும் வேறு. அந்தக் காதுக்கு மூன்றுமே முதலெழுத்து மங்கிய ஒரே சொல்லாக வந்து சேரலாம். பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சாக்குப்போக்கு இல்லை, நூறு சதவீதம் துல்லியமான வர்ணனை. அதற்கு மறுமொழியாக நாம் கத்துகிறோம். கத்தும்போது உயிரொலி மேலும் பெருக்கிறது, மெய்யொலி அதில் மூழ்குகிறது, முகம் கோபமாகத் தெரிகிறது. இதற்கு மேல் கூடத்தில் ஒலிபெருக்கியும் ஓடினால், அந்த மனிதர் தலையாட்டிப் புன்னகை செய்வதைத் தவிர வேறு என்னதான் செய்வார்?

இதை நான் மேலிருந்து சொல்லவில்லை. என் தந்தை தொலைபேசியில் கத்திப் பேசுகிறார் என்று பல ஆண்டுகள் எரிச்சல்பட்டிருக்கிறேன். அவர் பேசி முடிக்கட்டும் என்று ரிசீவரை மேசை மேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருக்கிறேன். பழைய தொலைபேசித் தடங்கள் ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தின. காதில் ஏற்கெனவே நழுவியிருந்த உயர் ஒலிகளில் மிச்சமிருந்ததையும் கம்பி வெட்டிவிட்டது. என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் அவருக்கு வழியில்லை. அவர் கத்தியது எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக இல்லை. அவருக்கு அவர் குரலே எட்டவில்லை. இது எனக்குத் தெரிய வந்தபோது அவர் இல்லை.

ஆகவே மாணவர்களுக்குச் சொல்லுங்கள்: நல்ல காது எது என்று முதலில் கேட்டு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பெரியவருக்கு வெறும் நிழல்தான் தெரியும். கத்துவதைவிட நிதானமாகப் பேசுவது நல்லது. புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்ல வேண்டும். ஒரு சொல் விழாத காதில் இன்னொரு சொல் விழும்.

காதுக்கு அடுத்தது இடைவெளி. பத்து மொழிகளைப் பேசுவோரின் உரையாடல்களை வைத்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்கும் வரையான இடைவெளி பொதுவாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றியே இருப்பது தெரிந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். நாம் எல்லோரும் அறியாமலேயே இந்தத் தாளத்துக்குப் பழகியிருக்கிறோம். 80 வயதில், சொன்னதைப் பிரித்துப் புரிந்துகொண்டு, பதிலுக்கான சொல்லைத் தேடி எடுக்கக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அதிலும் ஆட்பெயர், ஊர்ப்பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராமல் அடம்பிடிக்கும். சொல்வளம் குறைந்துவிடவில்லை, எடுத்து வரும் வழிதான் நீண்டிருக்கிறது. அந்த இரண்டு மூன்று நொடிகளை இளைஞர்களால் தாங்க முடிவதில்லை. பதில் இல்லை என்று நினைத்து அடுத்த கேள்வியைப் போடுகிறார்கள், அல்லது பெரியவர் தேடிக்கொண்டிருக்கும் சொல்லைத் தாங்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். கையில் சாவியை வைத்துக்கொண்டு பூட்டைத் தேடுபவரிடமிருந்து சாவியைப் பிடுங்குவது போல இருக்கும், அதைப் பார்க்கும்போது. எங்கள் பணியாளர்களுக்கு நான் ஒன்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: கேள்வி கேட்டுவிட்டு மூச்சை ஒருமுறை முழுதாக இழுத்து விடுங்கள், பிறகும் பதில் வராவிட்டால் இன்னொரு மூச்சு. இதற்குப் பெரிய பயிற்சி ஒன்றும் தேவைப்படவில்லை.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'சமர்த்தா மாத்திரையைப் போட்டுக்கங்க', 'நாம இப்ப எந்திரிச்சு நடக்கலாமா' என்பது போன்ற பேச்சைக் கனிவு என்று நினைத்துப் பேசுகிறோம். முதியவர்களிடம் குழந்தைப் பேச்சுப் பேசுவதை ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலிருந்தே கவனித்து எழுதி வருகிறார்கள்; மறதி நோய் உள்ளவர்கள்கூடத் தங்களிடம் பிறர் இப்படிப் பேசும்போது முரண்டு பிடிப்பது அதிகமாகிறது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. அதே மறதி நோய் உள்ளவர்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் மறக்காமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: 'நான் யாருன்னு தெரியுதா?' தயவுசெய்து இந்தக் கேள்வியைத் தடை செய்யுங்கள். பெயரைச் சொல்லி, எங்கிருந்து வருகிறோம் என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் பரீட்சை இல்லாமல் பேச்சு தொடங்கும். அழைக்கும் முறையும் அப்படித்தான். வயது தெரிந்ததும் 'பாட்டி', 'தாத்தா' என்று உறவு சொல்லிக் கூப்பிடுவது நம் மொழியின் இனிமை என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் 'மேடம்' என்று அழைக்கப்பட்டவருக்கோ, பேரப்பிள்ளை இல்லையே என்ற ஏக்கம் உள்ளவருக்கோ அந்தச் சொல் எப்படி விழும் என்பது நமக்குத் தெரியாது. 'உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?' என்று கேட்டுவிடுவது நல்லது. 'ம்' என்று பதில் சொல்ல முடியாத கேள்வியும்கூட.

திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்ற புகாருக்கு வருகிறேன். இதை யாரிடம் சொன்னோம் என்பது நினைவில் தங்குவது, என்ன சொன்னோம் என்பது தங்குவதைவிட முதுமையில் எளிதாகத் தவறிவிடுகிறது என்று 2010இல் வந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அப்படியிருந்தும் ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்த ஆயிரம் சம்பவங்களில் ஏன் அந்த ஒன்றையே எடுக்கிறார் என்பது மிச்சமிருக்கும் கேள்வி. எங்களிடம் ரயில்வேயில் கார்டாக இருந்த ஒரு பெரியவர் இருந்தார். அவர் 26 வயதில் சென்ற ஒரு சரக்கு வண்டி, இரவில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. அப்படி நின்றால் கார்டு கைவிளக்கோடு தண்டவாளத்தில் பின்னோக்கி நடந்துபோய், பின்னால் வரும் வண்டிக்கு எச்சரிக்கையாக, சக்கரம் ஏறினால் சத்தமிடும் வெடிகளை வைத்துவிட்டு வர வேண்டும். இருட்டில் நடந்ததும், வெடி வைத்ததும்தான் கதை, அதோடு முடித்துவிடுவார். நான் மட்டுமே முப்பது முறையாவது கேட்டிருப்பேன். கேட்கும்போதே கைவேலையைப் பார்த்துக்கொண்டு 'அப்படியா' என்பேன்.

ஒருநாள் ஒரு மாணவர் அந்தக் கதையை இரண்டாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும், "வெடி வச்சிட்டுத் திரும்பி வரும்போது என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். பெரியவர் பேசாமல் இருந்தார். மாணவரும் நல்ல வேளையாகப் பேசாமல் இருந்தார். பிறகு பெரியவர் சொன்னார்: "பாடிட்டே வந்தேன். பயம். அவ்வளவு சத்தமாப் பாடினேன். என் வீட்டுக்காரிகிட்டகூட இதைச் சொன்னதில்லை." முப்பது முறை கேட்ட எனக்கு, அவர் திரும்பி நடந்தும் வந்திருப்பார் என்பதே தோன்றியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கதையைச் சொல்லும்போதெல்லாம் பாட்டையும் சேர்த்தே சொன்னார்.

பழைய நினைவுகளில் உழல்வது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவர்களும் கருதினார்கள். மேலே சொன்ன அதே பட்லர்தான் 1963இல், வாழ்க்கையின் முடிவு நெருங்குவதை உணரும் எவரும் தன் வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது இயல்பான மனவேலை என்று எழுதினார். நம் மொழிக்கு இது புதிதில்லை. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் தடியூன்றிய ஒரு முதியவர், இருமலுக்கு நடுவே வரும் சில சொற்களில், தான் சிறுவனாக மரக்கிளையேறி ஆழ்ந்த மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததைச் சொல்கிறார். அவருடைய இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் தடியை வைத்தே 'தொடித்தலை விழுத்தண்டினார்' என்கிறோம். அந்தச் சில சொற்களை அன்று யாரோ ஒருவர் இருமல் ஓயும்வரை காத்திருந்து கேட்டிருக்கிறார்.

இப்போது அந்த டெலிபோன் ஆபரேட்டர் அம்மாவிடம் திரும்ப வருகிறேன். நாற்பது பேர் வந்துபோன சில வாரங்களுக்குப் பிறகு ஒரு மாணவர் தனியாக வந்தார். தொலைத்தொடர்புப் பொறியியல் படிப்பவர். சேவைக்காக வரவில்லை, பாடத்துக்கான ஒரு கட்டுரைக்காக வந்தார். 'கணினி இல்லாத காலத்தில், ஒரு இணைப்பு காலியாக இருக்கிறதா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' என்று கேட்டார். அந்த அம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்ததை நான் அறைவாசலிலிருந்து பார்த்தேன். மாணவருடைய பேனாவை வாங்கி, மேசை விளிம்பை அதன் நுனியால் மெல்லத் தொட்டுக் காட்டினார். எக்சேஞ்சின் இணைப்புப் பலகையில் இருக்கும் துளையின் விளிம்பைச் செருகியின் நுனியால் இப்படித் தொட வேண்டும். அந்த இணைப்பை வேறொரு ஆபரேட்டர் ஏற்கெனவே எடுத்திருந்தால் காதில் 'டிக்' என்று ஒரு சிறு ஒலி கேட்கும். ஒலி இல்லையென்றால் செருகலாம். வெளியூர் அழைப்பான டிரங்க் காலுக்குச் சீட்டு எழுதுவது, நேரம் குறிப்பது, மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே வந்து சொல்வது என்று பேச்சு இரண்டு மணி நேரம் போனது.

மாணவர் ஒரு கட்டத்தில், "நாங்களும் இதையேதான் படிக்கிறோம், பேசுறதுக்கு முன்னாடி தடம் காலியான்னு கேட்டுப் பார்க்கணும்" என்றார். அந்த அம்மாவுக்கு அதில் அளவற்ற பெருமை. அந்தப் பெருமையில், எந்த இயந்திரமும் ஒரு நல்ல ஆபரேட்டருக்கு ஈடாகாது என்று அடித்துச் சொன்னார். மாணவர் தயங்கவில்லை, அது தவறு என்றார். ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை அழைப்புகளை இணைக்க முடியும் என்று கேட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் உள்ளே போய்ச் சமாதானம் செய்யலாமா என்று பார்த்துவிட்டு, நல்ல வேளையாக, போகவில்லை. அடுத்த வாரம் அந்த மாணவர் ஒரு தாளில் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடியும் வந்தார். அம்மா கணக்கில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்: இணைப்பு கிடைக்காமல் திரும்பத் திரும்ப முயலும் நேரத்தை அவர் சேர்க்கவில்லை. இன்றுவரை அந்த வாதம் முடியவில்லை, மாணவர் வருவதும் நிற்கவில்லை.

ஆல்போர்ட் சொன்ன சமநிலையும் பொது நோக்கமும் கூட்டு உழைப்பும் எனக்கு இந்த மேசையில்தான் கண்ணில் பட்டன. வேறு வழிகளும் இருக்கின்றன. நெதர்லாந்தில் டெவன்டர் என்ற ஊரில் உள்ள ஹூமானிடாஸ் என்ற முதியோர் இல்லம், மாணவர்கள் சிலருக்கு வாடகையில்லாமல் அறை கொடுத்து, மாதத்துக்கு 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டாராக இருக்கச் சொல்லிப் பத்தாண்டுகளுக்கு முன்பே வழி காட்டியது. அங்கே மாணவருக்கும் ஒரு தேவை இருக்கிறது, அது வெளிப்படையாகவும் இருக்கிறது. அதனாலேயே அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லோராலும் அறை கொடுக்க முடியாது. ஆனால் தேவையோடு வரச் சொல்ல எல்லோராலும் முடியும்.

எங்கள் பக்கத்துப் பிழைகளைச் சொல்வதாக எழுதியிருந்தேன். பெரியவர்கள் பலர் பேச்சைக் கேள்வியில் தொடங்குவதில்லை, அறிவுரையில் தொடங்குகிறார்கள். எங்கள் காலத்தில் இப்படியா இருந்தோம் என்ற ஒப்பீடு பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். இளைஞரின் உடை, முடி, கையில் இருக்கும் கைப்பேசி ஆகியவை பற்றிய தீர்ப்பு அதற்கும் முன்னால் வந்துவிடும். 'எங்களை எல்லாம் இவர்களுக்கு எங்கே பிடிக்கப் போகிறது' என்ற தாழ்வுணர்ச்சிதான் பல நேரங்களில் அறிவுரையாக வேடம் போடுகிறது என்பது என் அனுபவம். வாழ்க்கையில் வேறெங்கும் கேட்க ஆளில்லாததால், கிடைத்தவரை இறுகப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. இவற்றை நாங்கள்தான் திருத்த வேண்டும். மாணவர்கள் வருவதற்கு முந்தைய நாள் பெரியவர்களைக் கூட்டிவைத்து, முதல் நாளில் கல்யாணப் பேச்சு கூடாது என்று நான் இப்போது சொல்லிவிடுகிறேன். சிலர் கடைப்பிடிக்கிறார்கள்.

எழுந்து வரத் தெரியவில்லை என்ற அந்த மாணவரின் நேர்மைக்கும் ஒரு விடை இருக்கிறது. உட்காரும்போதே 'ஐந்து மணி வரைக்கும் இருப்பேன்' என்று சொல்லிவிட வேண்டும். போகும் நேரம் தெரிந்திருந்தால் இருவருக்கும் பதற்றம் இல்லை. திரும்ப வருவதாக இருந்தால் மட்டுமே 'மறுபடியும் வருவேன்' என்று சொல்ல வேண்டும். அரை மணி நேரப் பழக்கத்தில் சொல்லப்பட்ட அந்த வாக்கியத்தை நம்பி வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மாணவர்கள் அதை விடைபெறும் மரியாதைக்காகச் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒரே நாளில் நாற்பது பேரை அழைத்து வருவதை நிறுத்திவிட்டு, ஆறு பேரை எட்டு வாரங்கள் அனுப்புங்கள். ஒவ்வொருவரும் ஒரே பெரியவரிடம் வரட்டும். வருவதற்கு முன் ஒரு மணி நேரம் காதைப் பற்றியும், காத்திருப்பதைப் பற்றியும், கிளம்புவதைப் பற்றியும் சொல்லிக்கொடுங்கள். உங்கள் கல்லூரியில் கேள்திறன் அறிந்தவர்கள் இல்லையென்றால் நானே வந்து சொல்கிறேன். ஒவ்வொரு மாணவரும் தன் பாடத்திலிருந்து, விடை தெரியாத, உண்மையிலேயே தனக்கு வேண்டிய ஒரு கேள்வியோடு வரட்டும். எங்களிடம் இருப்பவர்களில் ஒருவர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், ஒருவர் நில அளவையாளர், ஒருவர் பிரசவம் பார்த்த செவிலியர், ஒருவர் வாழ்நாள் முழுவதும் வீட்டைவிட்டு வெளியே வேலைக்குப் போகாமல் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். இந்தப் பட்டியலை முன்கூட்டியே அனுப்பிவைக்கிறேன். கணிதம் படிப்பவருக்கு நில அளவையாளர் பொருத்தம் என்று நீங்கள் முடிவு செய்துவிடாதீர்கள், அவர்களே தேடிக்கொள்ளட்டும். சேவை நேரமாகக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். சேர்த்தால், எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்று மட்டும் எழுதாமல், எதைத் தெரிந்துகொண்டு போனார்கள் என்றும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதை அந்தப் பெரியவர் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுப்பார். திருத்துவதில் எங்கள் ஆட்கள் வல்லவர்கள்.

பாட்டும் ஆட்டமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விழா நாளில் வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அதை உரையாடல் என்று நிரலில் எழுத வேண்டாம்.

அடுத்த பருவத்துக்கான திட்டத்தை நீங்கள் இந்த மாதம் தயாரிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆறு பெயர்களை அனுப்பினால் போதும். டெலிபோன் அம்மாவுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார், ஆனாலும் இன்னொருவர் வந்தால் மறுக்க மாட்டேன் என்று சொல்லச் சொன்னார். வருபவருக்காக அவருடைய அறையில் வலப்பக்கம் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர்